எடைமேடையில் ஜனவரி

ஆலை மூடிக் கிடக்கிறது.
ஜனவரியில் செசெலாவுக்குக் கரும்பு வராது.
கொதிகலனுக்குள் ஆட்கள் துரு சுரண்டுகிறார்கள்.
கழிவுப்பாகு ஏற்றிய டாங்கர் மட்டும்
மணிக்கொன்றாய் என் மேடைமேல் ஏறி
பெருமூச்சு விட்டு நிற்கும்.

பத்தொன்பது வருடமாய் இந்தச் சன்னலில் இருக்கிறேன்.
இருபது கிலோவுக்கு ஒரு படி,
அதற்குக் குறைந்து இந்தத் தராசுக்குக் கண் தெரியாது.
ஒன்பது கிலோ மிஞ்சினால் கீழே தள்ளும்,
பதினொன்று மிஞ்சினால் மேலே தூக்கும்.
அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

காலைப் பேப்பரில் பெயர்கள் இல்லை,
பரீட்சை எண்கள் மட்டும், எறும்புச் சாரியாய்.
பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து
மதிப்பெண் தாளைப் படம் பிடித்து அனுப்பினாள் தீர்ஷ்னி.
கீழே ஒரே வரி: கூட்டிப் பாருங்கப்பா.

எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
ஆங்கிலம் எண்பது. கணிதம் எழுபத்தொன்பது.
உயிரியல், அதுவும் எழுபத்தொன்பது.
பௌதிகம் எழுபத்தொன்று.
கணக்கியல் அறுபத்தொன்பது. ஆஃப்ரிகான்ஸ் அறுபது.
நானூற்று முப்பத்தெட்டு.
நல்ல பாரம் என்று சீட்டை மடித்து வைத்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கூட்டல் வேண்டாமாம்.
எண்பதைத் தொட்டால் ஏழு புள்ளி,
எழுபதைத் தொட்டால் ஆறு, அறுபதைத் தொட்டால் ஐந்து.
நூறு வாங்கியவனுக்கும் ஏழுதான்.
எழுபத்தொன்பது வாங்கியவள்
எழுபது வாங்கியவளோடு ஒரே பெஞ்சில்.
என் தராசு பாதி வழியிலாவது மேலே தூக்கும்.
இதற்குக் கீழே தட்டத்தான் தெரியும்.

வாழ்க்கைநெறிப் பாடத்தில் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தாள்.
அது கணக்கில் சேராது.

ஏழு, ஆறு, ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து.
முப்பத்தைந்து.
மருந்தியலுக்கு முப்பத்தாறு வேண்டும்.

அப்போதுதான் டாங்கரை ஏற்றி நிறுத்தினார் ம்கீஸே.
சன்னல் வழியே போனை நீட்டினார், கை நடுங்கியது.
மகள் நோம்ஃபுண்டோவின் தாள்.
இந்தப் புள்ளிக்கணக்கு புரியவில்லை, போட்டுத் தா என்றார்.
ஓர் எண்பது, நான்கு எழுபது, ஓர் அறுபது.
நானூற்று இருபது. புள்ளி முப்பத்தாறு.
பாரம் மிஞ்சிய லாரியைப் போல
மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன்.
முப்பத்தாறுதான்.

வண்டியின் மூக்கை இரண்டு கையாலும் தட்டிச் சிரித்தார் மனிதர்.
பிறகு கேட்டார்: உன் பிள்ளைக்கு?
முப்பத்தைந்து என்றேன்.
நானூற்று முப்பத்தெட்டு
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டு அவருக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தேன்.
அவர் எஞ்சினை அணைத்தார்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

எத்தனை விவசாயிகள் இங்கே வந்து கத்தியிருக்கிறார்கள்!
எடை கூட, பணம் குறைவா, எப்படி என்று.
கரும்புக்குக் காசு எடைக்கு இல்லை ஐயா,
சாற்றில் இருக்கும் சர்க்கரைக்கு.
லேபில் போய்க் கேளுங்கள்,
நான் நிறுப்பவன் மட்டும் என்பேன்.
அந்தப் பதிலை
இப்போது சன்னலுக்கு வெளியே நின்று கேட்கிறேன்.

நாலு மணிக்குச் சீருடையோடு வந்தாள்.
அழுது முடித்த முகம்.
கையில் மறுதிருத்தப் படிவம்.
ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.
கணிதத்துக்கு மட்டும் டிக் போட்டிருந்தாள்.
உயிரியலுக்கும் போடு என்றேன்.
ஒரு புள்ளிதானேப்பா வேணும், என்றாள்,
எதுக்கு ரெண்டு?
ஒன்று வராவிட்டால் என்று
சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யாரும் பார்க்காதபோது மேடைமேல் ஏறி நின்றாள்.
வீட்டுத் தராசில் ஐம்பத்திரண்டு அவள்.
சிவப்பு எண்கள் தடுமாறி
அறுபதில் நின்றன.
எட்டு கிலோ சும்மாவே குடுக்குது, என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை,
அதற்குள் பின்னால் அடுத்த டாங்கர்
ஹாரன் அடித்தது.